மகரந்தத்துக்கு நிதி கேட்குமுன் கண்மாயைப் பாருங்கள்

காற்றில் மிதக்கும் மகரந்தம், காற்று மாசு, நிலத்துக்கும் வளிமண்டலத்துக்கும் இடையே ஓயாமல் நடக்கும் நீர், வெப்ப, வாயுக் கொடுக்கல் வாங்கல். இந்த மூன்றையும் கணினி மாடலில் கொண்டுவர நிதி கேட்கிறவர்கள் வழக்கமாகச் செய்வது, மூன்று தனித்தனிப் புராஜெக்ட்டை ஒரே உறைக்குள் வைத்து அனுப்புவது. மதிப்பீட்டுக் குழுவில் யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார்: மகரந்தம் எண்ணுகிறவருக்கும், அந்தக் கொடுக்கல் வாங்கலை அளக்க ஃப்ளக்ஸ் டவர் வைக்கிறவருக்கும் இதில் என்ன சம்பந்தம்? முதல் பக்கத்திலேயே இதற்கு விடை இல்லாவிட்டால், மீதிப் பக்கங்கள் வாசிக்கப்படுவது சந்தேகம்தான்.

செட்டிநாட்டைப் பொறுத்தவரை விடை ஒரே வார்த்தை: மண்ணீரம். காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர்ப் பக்கத்துச் செம்மண் பொட்டலிலும் கண்மாய் உள்வாயிலும் எப்போது எவ்வளவு ஈரம் இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் பூப்பது, ஆவியாவது, புழுதி எழுவது எல்லாம். ஈரம் குறைந்தால் வெயிலின் ஆற்றல் நீரை ஆவியாக்காமல் காற்றைச் சூடாக்கும். கலப்படுக்கை, அதாவது தரையை ஒட்டிக் காற்று கலந்து புரளும் அடுக்கு, உயரமாக எழும், மாசு நீர்த்துப்போகும். ஈரம் இருந்தால் படுக்கை தாழும், அதே புகை அடர்த்தியாகத் தெரியும். செடி இலைத்துளையைத் திறக்கிறதா மூடுகிறதா என்பதும் ஈரத்தின் கையில். இலை எவ்வளவு ஓசோனை உறிஞ்சும் என்பது அந்தத் துளையைப் பொறுத்தது. மூன்றையும் கட்டும் கயிறு இதுதான். புரபோசலும் பட்ஜெட்டும் இதைச் சுற்றித்தான் எழுதப்பட வேண்டும்.

ஐரோப்பிய மகரந்த மாடல்களை அப்படியே இறக்குமதி செய்ய முடியாததற்கும் இதுதான் காரணம். பின்லாந்து வானிலை நிறுவனத்தின் சிலாம் மாடலோ, கோப்பர்நிக்கஸ் சேவை வெளியிடும் முன்னறிவிப்போ பேசுவது பிர்ச், புல், ஆலிவ், ராக்வீட் போன்றவற்றைப் பற்றி. பிர்ச் மரம் எப்போது பூக்கும் என்பதை வெப்பக் கூட்டுத்தொகை வைத்துக் கணிக்கிறார்கள்: குளிர்காலம் முடிந்தபின் ஒவ்வொரு நாளின் வெப்பத்தையும் கூட்டிக்கொண்டே போய், ஒரு வரம்பைத் தாண்டினால் பூ. நம் ஊரில் ஜனவரி மாதமே அந்த வரம்பெல்லாம் எப்போதோ தாண்டியிருக்கும். இங்கே பூப்பதைத் தீர்மானிப்பது வடகிழக்குப் பருவமழை எப்போது தொடங்கியது, எத்தனை வாரம் நின்றது, கோடை மழை விழுந்ததா, கண்மாய் எப்போது வற்றியது என்பவை. சிலாம் திறந்த மூலக் குறியீடு. கடத்தல், படிவு, மழையால் கழுவப்படுதல் எல்லாவற்றையும் அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். பூக்கும் காலத்துக்கான பகுதியை மட்டும் கழற்றிவிட்டு, மண்ணீரமும் மழை இடைவெளியும் வைத்து நாமே எழுத வேண்டும். புரபோசலில் புதுமை என்ற தலைப்பின் கீழ் வேறெதுவும் எழுதாமல் இதை மட்டும் எழுதினால்கூடப் போதும்.

அடுத்தது சீமைக்கருவேலம். சிவகங்கை மாவட்டத்தில் நிலப்பரப்பு மாடல் ஓட்டுகிறவர் இந்த மரத்தைத் தவறவிட்டால் மற்றதெல்லாம் தவறும். டபிள்யூஆர்எஃப் என்ற வானிலை மாடலோடு வரும் நோவா நிலத் திட்டத்தில் மண் நான்கு அடுக்கு: 10, 30, 60, 100 செ.மீ. மொத்தம் 2 மீட்டர். அதற்குக் கீழே தண்ணீர் இருந்தாலும் மாடலின் மரத்துக்கு அது கிடையாது. சீமைக்கருவேலத்தின் வேர் அதற்கும் கீழே போய் நிலத்தடி நீரைத் தொடும். மே மாதத்தில் மேல்மண் வறண்டு வெடித்துக் கிடக்கும்போதும் கண்மாய்க்குள் அந்தக் காடு பச்சையாகவே நிற்பதை வழியில் போகிற யாரும் பார்க்கலாம். மாடல் மட்டும் அங்கே ஆவியுயிர்ப்பு நின்றுவிட்டது என்று சொல்லும். காற்றைச் சூடாக்கும் உணர்வெப்பத்தைக் கூடுதலாகக் காட்டும், கலப்படுக்கையைத் தேவைக்கு மேல் உயர்த்தும், மாசைக் குறைத்துக் காட்டும். வேதியியல் பகுதியில் பிழை தேடி மாதக்கணக்கில் உட்கார்ந்திருப்பவர்கள் முதலில் வேர் ஆழத்தைத் திறந்து பார்ப்பது நல்லது. நோவாவின் பிந்தைய வடிவமான நோவா-எம்பி திட்டத்தில் நிலத்தடி நீரைச் சேர்க்கும் தேர்வு உண்டு. அதை இயக்கி, அருகிலுள்ள கிணறுகளின் நீர்மட்ட அளவோடு ஒப்பிட வேண்டும்.

மாடலோடு வரும் நிலப்பயன்பாட்டு வரைபடமும் இதே கதிதான். மோடிஸ் செயற்கைக்கோள் உணரியின் வகைப்பாட்டில் கருவேலங்காடு என்று ஒரு வகுப்பு கிடையாது. அது பயிர்நிலமாகவோ புதர்க்காடாகவோ போய் விழும். வறண்ட கண்மாய் நீர்நிலையா, வெற்று நிலமா, காடா என்பது படம் எடுத்த மாதத்தைப் பொறுத்தது. ஐரோப்பிய சென்டினல்-2 செயற்கைக்கோளின் படம் 10 மீட்டர் துல்லியத்தில், இரண்டு செயற்கைக்கோளும் சேர்ந்தால் ஐந்து நாளுக்கு ஒருமுறை இலவசமாகக் கிடைக்கிறது. குறைந்தது மூன்று பருவத்துப் படம் எடுங்கள்: மழை முடிந்த ஜனவரி, அறுவடை முடிந்த மார்ச், உச்சக் கோடையான மே. மே மாதத்திலும் பச்சையாக இருப்பது கருவேலம், தைலமரம், முந்திரி, தென்னை, பம்புசெட் தோட்டம், இவற்றில் ஒன்று. இவற்றைப் பிரிக்கக் களத்துக்குப் போய்த்தான் ஆக வேண்டும். வகுப்புக்கு ஐம்பது ஜிபிஎஸ் புள்ளியாவது வேண்டும். அந்தப் பயணச் செலவைப் பட்ஜெட்டில் தனித் தலைப்பாகக் காட்டுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மேகம் மறைக்கும்போது சென்டினல்-1 ரேடார் கைகொடுக்கும். எஸ்மேப் செயற்கைக்கோளின் மண்ணீரம் 9 கி.மீ. கட்டத்தில் வரும். அந்த ஒரு கட்டத்துக்குள் நாலைந்து கண்மாய் அடங்கிவிடும் என்பதால் அதை வைத்து ஒரு கண்மாயைப் பற்றி எதுவும் சொல்லாதீர்கள்.

இனி மகரந்த எண்ணிக்கை. பணம் இங்கேதான் குறைவாகக் கேட்கப்படுகிறது, திட்டம் இங்கேதான் சாய்கிறது.

மகரந்தம் பிடிக்க உலகம் முழுக்கப் புழங்குவது ஹர்ஸ்ட் வகைப் பொறி, ஏழு நாள் ஓடக்கூடியது. நிமிடத்துக்கு 10 லிட்டர் காற்றை 14 க்கு 2 மி.மீ. அளவுள்ள பிளவு வழியாக இழுக்கும். உள்ளே பசை தடவிய நாடா சுற்றிய உருளை மணிக்கு 2 மி.மீ. நகரும். ஒரு நாளைக்கு 48 மி.மீ., காற்றுக் கணக்கில் 14.4 கன மீட்டர். வாரம் ஒருமுறை நாடாவை எடுத்து ஏழு துண்டாக வெட்டி, கிளிசரின் ஜெல்லியும் ஃபுக்சின் சாயமும் சேர்த்து ஸ்லைடில் ஒட்டி நுண்ணோக்கியில் எண்ண வேண்டும். நீளவாக்கில் நான்கு வரி ஓட்டுகிறீர்கள், பார்வை வட்டத்தின் விட்டம் 0.45 மி.மீ. என்று வையுங்கள். பார்த்த பரப்பு 86.4 சதுர மி.மீ. மொத்தம் 672. அதாவது 13 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. குறைந்தது 10 சதவீதமாவது பார்க்க வேண்டும் என்பது ஐரோப்பிய நடைமுறை. பெருக்கும் எண் 672 ஐ 86.4 ஆல் வகுத்து, அதை 14.4 ஆல் வகுத்தால் 0.54. நான்கு வரியில் 50 மகரந்த மணி எண்ணினால் கன மீட்டருக்கு 27. நுண்ணோக்கியை மாற்றினால் பார்வை விட்டமும் மாறும், இந்த எண்ணும் மாறும். நோட்டில் பழைய எண்ணையே போட்டுக்கொண்டு வருடம் முழுக்க ஓட்டிவிடும் ஆபத்து உண்டு. அதனால் ஒவ்வொரு நுண்ணோக்கிக்கும் ஸ்டேஜ் மைக்ரோமீட்டர் (அளவுக்கோடு போட்ட ஸ்லைடு) வைத்து அளந்து எழுதிய சீட்டை அதன் உடலிலேயே ஒட்டிவிடுங்கள்.

காரைக்குடி வெயிலில் முதலில் கெடுவது பசை. வாஸ்லினும் மெழுகும் கலந்த பூச்சு குளிர்நாட்டு விகிதத்திலேயே இருந்தால் ஏப்ரல் பகலில் இளகி வழியும், மணிகள் இடம் மாறும். மெழுகின் பங்கைக் கூட்டுங்கள், அல்லது சிலிக்கோன் பூச்சுக்கு மாறுங்கள். எதை எடுத்தாலும் மொட்டை மாடி வெயிலில் ஒரு வாரம் சோதித்துவிட்டு, பின்னர் நடுவில் மாற்றாதீர்கள்.

இரண்டாவது, கரண்ட். பல பொறிகளில் உருளை சாவி கொடுத்த கடிகாரத்தால் ஓடுகிறது, பம்ப் மட்டும் மின்சாரத்தில். கரண்ட் போனால் பம்ப் நிற்கும், உருளை நகர்ந்துகொண்டே இருக்கும். நாடாவில் அந்த நேரம் வெறுமையாக இருக்கும். நுண்ணோக்கியில் பார்ப்பவர் மகரந்தம் இல்லை என்று பூஜ்ஜியம் எழுதுவார். அது பூஜ்ஜியம் இல்லை, அளவே எடுக்கப்படவில்லை. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை பகலில் வரும், பூக்கள் மகரந்தம் விடுவதும் பகலில், ஆகவே பிழை ஒரே திசையில் சேரும். பம்புக்கு யுபிஎஸ்ஸோ 12 வோல்ட் பேட்டரியோ வேண்டும். அதோடு, மின்சாரம் இருந்ததா என்று நிமிடத்துக்கு ஒருமுறை பதியும் சிறு பதிவி ஒன்றும் வேண்டும். செலவு சில ஆயிரம்தான், பட்ஜெட்டில் யாரும் எழுதுவதில்லை.

மூன்றாவது, காற்றோட்ட அளவு. கையடக்க ரோட்டாமீட்டரைப் பிளவின் மேல் வைத்தால் அந்தக் கருவியே தடை ஏற்படுத்திக் காற்றை மட்டுப்படுத்தும். அதைப் பார்த்து 10 என்று திருகிவைத்தால், எடுத்த பிறகு உண்மையில் அதற்கு மேல் ஓடும். தடை குறைந்த ஃப்ளோமீட்டர் ஒன்றை வாங்கி, வாராவாரம் நாடா மாற்றும்போது முன்னும் பின்னும் அளந்து எழுதுங்கள்.

பொறியை வைக்கும் இடம் 10 முதல் 20 மீட்டர் உயர மொட்டை மாடி. பழைய நகரத்தார் வீட்டு மாடிகள் பார்க்க வசதியாகத் தோன்றும். ஆனால் கைப்பிடிச் சுவரும் அலங்காரச் சிற்பங்களும் காற்றைச் சுழற்றிவிடும். சுவரை விட்டுத் தள்ளி, சுவர் உயரத்துக்கு மேலே பொறியின் வாய் வருமாறு பீடம் கட்ட வேண்டும். கருவேலங்காட்டை ஒட்டி வைக்கக் கூடாது. அந்த மரத்துக்கு மகரந்தம் சுமப்பது பெரும்பாலும் தேனீ. காற்றில் வருவது அதன் மிச்சம், காட்டோரத்தில் அது மிகையாக விழும். 30 மைக்ரான் மணி ஒன்று அசைவற்ற காற்றில் நொடிக்கு 2.7 செ.மீ. வேகத்தில் இறங்கும். 10 மீட்டர் உயரத்தில் கிளம்பினால் ஆறு நிமிடம். நொடிக்கு 3 மீட்டர் காற்றில் அதற்குள் ஒரு கிலோமீட்டர் போயிருக்கும். மதிய வெப்பச் சுழல் தூக்கிவிட்டால் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது, அதற்குத்தான் மாடல்.

இனங்காண்பதில் நம் பக்கத்துக்கென்று ஒரு சிக்கல் உண்டு. சீமைக்கருவேல மகரந்தம் தனித்தனி மணியாக வரும். நாட்டுக் கருவேலத்தில் 16 அல்லது அதற்கு மேற்பட்ட மணிகள் ஒட்டிய கொத்தாக வரும். ஒரு கொத்தை ஒன்று என்று எண்ணுவதா பதினாறு என்று எண்ணுவதா? எதுவாக இருந்தாலும் முதல் நாளே எழுதிவைத்து, எண்ணுகிறவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி எண்ண வேண்டும். புல் குடும்பத்தைச் சாதா நுண்ணோக்கியில் இனம்வாரியாகப் பிரிக்க முடியாது. நெல்லும் அருகும் ஒரே பத்தியில்தான் போகும். பிரிப்பதாகப் புரபோசலில் வாக்குக் கொடுக்காதீர்கள். சவுக்கு, கீரை வகைகள், பார்த்தீனியம், தைலமரம், தென்னை ஆகியவற்றுக்கு உள்ளூர்ப் பூவிலிருந்தே ஒப்பீட்டு ஸ்லைடு தயாரித்துக்கொள்ளுங்கள். இதற்கு அசிட்டோலிசிஸ் (மகரந்தத்தை அமிலத்தில் சுத்தம் செய்யும் முறை) செய்யப் புறப்பட்டால் ஒரு சிக்கல் காத்திருக்கிறது: அசிட்டிக் அன்ஹைட்ரைடு போதைப்பொருள் சட்டத்தின் கீழ்க் கட்டுப்படுத்தப்பட்ட வேதிப்பொருள், வாங்கவும் வைத்திருக்கவும் பதிவு வேண்டும். பதிவு இல்லாத துறை அதை நுகர்பொருள் பட்டியலில் எழுதிவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்க நேரும். காற்று மாதிரியோடு ஒப்பிட வெறும் ஃபுக்சின் சாய ஸ்லைடே போதும்.

கைதேர்ந்தவர் ஒரு நாள் ஸ்லைடை எண்ண ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம் ஆகும். மூன்று வருடத்துக்கு ஏறக்குறைய 1,100 ஸ்லைடு, அதில் பத்தில் ஒரு பங்கை இன்னொருவர் திரும்ப எண்ண வேண்டும். இதை மாடல் ஓட்டும் ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வாளர்) தலையில் கட்டினால் இரண்டும் கெடும். தாவரவியல் படித்த புராஜெக்ட் அசிஸ்டன்ட் ஒருவருக்கு மூன்று வருடமும் சம்பளம் கேளுங்கள். இது ஆடம்பரம் என்று குழு வெட்டினால், சர்வரை விட்டுக்கொடுத்து இந்த ஆளைக் காப்பாற்றுங்கள்.

சர்வரை விட்டுக்கொடுப்பதில் நஷ்டம் பெரிதில்லை. திருச்சி என்ஐடியில் 2022 முதல் பரம் பொருள் என்ற சூப்பர்கம்ப்யூட்டர் இருக்கிறது, 838 டெராஃப்ளாப்ஸ். தேசிய சூப்பர்கம்ப்யூட்டிங் இயக்கத்தில் வந்தது. வெளி ஆய்வாளர்கள் நேரம் கேட்டு விண்ணப்பிக்கலாம். 27, 9, 3 கி.மீ. என்று ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று கட்டம் போட்டு, உள்கட்டத்துக்கு 18 நொடிக்கு மேற்படாத காலப்படி வைத்தால் ஓட்டம் நிலைக்கும். சேமிப்பைக் கணக்கிட்டு எழுதுங்கள், குத்துமதிப்பாக எழுதாதீர்கள். 100க்கு 100 கட்டம், 40 அடுக்கு, 50 பொருள், ஒரு எண்ணுக்கு 4 பைட் என்றால் மணிக்கு 80 எம்பி, நாளுக்கு 1.9 ஜிபி, வருடத்துக்கு 700 ஜிபி. இது உள்கட்டம் மட்டும், ஒரே ஓட்டம். நிலத் திட்டத்தை மட்டும் தனியாக ஒரு வருடமாவது முன்னோட்டம் விட்டு மண்ணீரம் நிலைப்பட்ட பிறகே வேதியியலைச் சேர்க்க வேண்டும் என்பதால் அந்த நேரத்தையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

மாசுப் பக்கம் வருவோம். எட்கர் போன்ற உலக உமிழ்வுப் பட்டியல் 0.1 பாகைக் கட்டம், சுமார் 11 கி.மீ. அதில் காரைக்குடி அரிசி ஆலையும் செங்கல் சூளையும் சாலை வண்டியும் ஏதோ ஒரு விதத்தில் பங்கிடப்பட்டிருக்கும். முழுசாகத் தப்பிவிடக்கூடியது கரிமூட்டம். கருவேல விறகை அடுக்கி, வைக்கோலும் மண்ணும் போட்டு மூடி, நாள்கணக்கில் கனல விடுவது இது. நெருப்பு வெளியே தெரியாது, மண் போர்வைக்கு மேலே வெப்பமும் அதிகம் இல்லை. விஐஐஆர்எஸ் என்ற செயற்கைக்கோள் உணரி 375 மீட்டர் புள்ளியில் தீ தேடும்போது மூட்டம் அதன் கண்ணில் படுவது அபூர்வம். ஆகவே கையால்தான் எண்ண வேண்டும்: எந்த ஊர், எத்தனை மூட்டம், எத்தனை டன் விறகு, எத்தனை நாள். கரி வியாபாரிகளின் லோடு கணக்கு குறுக்குச் சோதனைக்கு உதவும். உமிழ்வுக் காரணியை எடுக்கும்போது அது ஒரு கிலோ விறகுக்கா ஒரு கிலோ கரிக்கா என்று பாருங்கள். மண் மூட்டத்தில் நாலைந்து கிலோ விறகுக்கு ஒரு கிலோ கரி. அலகை மாற்றி எடுத்தால் விடையும் நாலைந்து மடங்கு தவறும்.

தைலமரக் காட்டை வேறு கணக்கில் வையுங்கள். புதுக்கோட்டை எல்லையை ஒட்டி இது ஏராளம். தைலமரம் ஐசோப்ரீனை நிறைய விடும் மரம், நைட்ரஜன் ஆக்சைடோடு வெயிலில் சேர்ந்தால் ஓசோன். தாவரங்கள் விடும் வாயுக்களைக் கணக்கிடும் மீகன் மாடல் 30 டிகிரி வெப்பம், 1000 மைக்ரோமோல் ஒளி என்ற நிலையில் அளந்த காரணியை எடுத்துச் சூழலுக்கேற்ப மாற்றும். வறட்சிக் காரணியை இயக்காமல் விட்டால் மே மாதத்தில் ஐசோப்ரீன் மிகையாக வரும். மறுபடியும் மண்ணீரம்.

விலை குறைந்த லேசர் உணரிகளை ஊர் ஊராக மாட்டலாம். ஆனால் காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டினால் துகள் நீர் குடித்துப் பருக்கும், உணரி மிகையாகக் காட்டும். கார்த்திகை, மார்கழி விடியற்காலைகள் முழுக்க இந்த நிலைதான். தரமான பீட்டா கருவி ஒன்றின் பக்கத்தில் எல்லா உணரிகளையும் வறண்ட பருவத்தில் ஒரு மாதம், மழைப் பருவத்தில் ஒரு மாதம் வைத்துத் திருத்தக் கோடு (காலிபிரேஷன்) எடுக்க வேண்டும். இந்த உணரிகளால் மகரந்தத்தைப் பார்க்க முடியாது என்பதையும் எழுதிவிடுங்கள். 30 மைக்ரான் மணி பிஎம் 10 வரம்புக்கே வெளியில் நிற்கிறது.

பின்னணி அளவுக்கு எங்கே போவது என்று தேடுகிறவர்களுக்கு: திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டி மக்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. தீபாவளி வாரத்தில் அங்கே ஒரு உணரி, காரைக்குடியில் ஒரு உணரி என்று வைத்தால், வெடிப்புகை எவ்வளவு தூரம் போய்ச் சேர்கிறது என்ற மாடல் சோதனை கையில் கிடைத்துவிடும். சரணாலயத்துக்குள் வைப்பதானால் வனத்துறை அனுமதி, வெளியே ஊர்க் கட்டடத்தில் வைப்பதானால் ஊராரின் சம்மதம். இரண்டாவது எளிது.

இடிமழையை மறந்துவிடாதீர்கள். 2016 நவம்பர் 21 அன்று மெல்போர்னில் இடிமழையோடு வந்த ஆஸ்துமாவில் 10 பேர் இறந்தனர். ரைகிராஸ் என்ற புல்லின் மகரந்தம் ஈரத்தில் வெடித்து நுண்துணுக்காகி நுரையீரல் வரை போனது காரணமாகச் சொல்லப்படுகிறது. நம் பக்கத்துக் கோடை இடிமழையில் என்ன நடக்கிறது என்று பார்க்க, மழைக்கு முந்தைய பிந்தைய இரண்டு மணி நேரத்தின் நாடாவை, அதாவது 4 மி.மீ. துண்டுகளை, தனியாக எண்ணினால் போதும். மருத்துவமனை வருகைப் பதிவோடு ஒப்பிடப்போகிறீர்கள் என்றால் நெறிமுறைக் குழு ஒப்புதல் வேண்டும். அதை முதல் ஆறு மாதத்திலேயே வாங்கிவிடுங்கள்.

ஃப்ளக்ஸ் டவர் கேட்பதா வேண்டாமா என்பதில் என் கருத்து: மண்ணீர உணரிகளுக்குப் பிறகுதான் டவர். 5, 20, 50, 100 செ.மீ. ஆழத்தில் நான்கு உணரி கொண்ட குழி ஐந்து இடத்தில், முடிந்தால் ஒன்றில் 2 மீட்டர் வரை. சரளை கலந்த செம்மண்ணில் தொழிற்சாலைத் திருத்தக் கோடு சரியாக வராது. ஒவ்வொரு குழியிலிருந்தும் மண் எடுத்து அடுப்பில் 105 டிகிரியில் உலர்த்தி எடை பார்த்துத் திருத்த வேண்டும். கல்லுக்கும் உணரி ஊசிக்கும் இடையே காற்று நின்றால் வருடம் முழுக்க வறட்சி என்றே காட்டும்.

அதற்கு மேலும் பணம் இருந்தால் எடி கோவேரியன்ஸ், அதாவது காற்றின் சுழல்களை வைத்து நீர், வெப்பப் போக்கை அளக்கும் டவர். 5 மீட்டர் கருவேலங்காட்டுக்கு 10 மீட்டர் கம்பம் வைத்தால், இடப்பெயர்ச்சி உயரம் (காடு காற்றுக்குத் தரைபோல நிற்கும் உயரம்) 3.3 போக 6.7 மீட்டர். நூறு மடங்கு என்ற விதிப்படி காற்று வரும் திசையில் 670 மீட்டருக்கு அதே காடு இருக்க வேண்டும். பெரிய கண்மாய்களில் இது கிடைக்கும். ஆனால் கண்மாய் யாருடையது? 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு என்றால் பொதுப்பணித் துறை வழிவந்த நீர்வளத் துறை, குறைந்தால் ஊராட்சி ஒன்றியம். அதோடு, கண்மாய்க் கருவேலம் ஏலத்துக்குப் போகும். இரண்டாம் வருடத்தில் ஏலதாரர் வந்து வெட்டினால் உங்கள் காட்டு டவர் பொட்டல் டவராகிவிடும். ஏல நிலையைக் கடிதமாகக் கேட்டு வாங்குங்கள். உண்மையில், வெட்டப்போவது முன்கூட்டியே தெரிந்தால் அது வரம். வெட்டுவதற்கு முன் ஒரு வருடம், பின் ஒரு வருடம் அளந்தால், தமிழ்நாடு அரசின் 2022 ஆம் ஆண்டு அந்நியத் தாவர ஒழிப்புக் கொள்கைக்கு நேரடியாகப் பயன்படும் எண் கிடைக்கும். நிதி தருகிறவர்களுக்கு இதைவிடப் பிடித்த வாக்கியம் வேறு இருக்காது.

10 ஹெர்ட்சில், அதாவது நொடிக்குப் பத்து முறை அளந்தால், நாளுக்கு 8,64,000 பதிவு வரும். அணில் கேபிளைக் கடிக்கும், ஆடு இழுக்கும், எர்த் கம்பிச் செம்பு திருட்டுப் போகும். கேபிளை இரும்புக் குழாய்க்குள் விடுங்கள், எர்த்துக்கு ஜிஐ பட்டை போடுங்கள், பக்கத்து ஊர் ஆள் ஒருவருக்குக் காவல் சம்பளம் எழுதுங்கள். உணர்வெப்பமும் ஆவிவெப்பமும் கூட்டினால் நிகரக் கதிர்வீச்சில் மண்வெப்பம் போக மீதிக்கு 10 முதல் 30 சதவீதம் குறையும். உலகெங்கும் அப்படித்தான், அதை மறைக்காமல் எழுதுங்கள். இந்திய-பிரிட்டன் இன்காம்பஸ் என்ற பருவமழை ஆய்வுத் திட்டம் தார்வாட், பேரம்பாடி, கான்பூரில் வைத்த டவர்கள் இந்த வகை வேலைக்கு நல்ல முன்னுதாரணம். மேற்கோள் காட்டத் தவறாதீர்கள்.

யாரிடம் கேட்பது? செர்ப் என்ற பழைய வாரியம் 2023 ஆம் ஆண்டு சட்டத்தால் வந்த அனுசந்தான் தேசிய ஆய்வு அறக்கட்டளைக்குள் போய்விட்டது. தனி ஆய்வாளரின் மூன்று வருடத் திட்டத்துக்கு அதுவே முதல் வாசல். நிலம், வளிமண்டலம், மழை மூன்றும் சேர்ந்தால் புவி அறிவியல் அமைச்சகம். செயற்கைக்கோள் பங்கு கனமாக இருந்தால் இஸ்ரோவின் ரெஸ்பாண்ட் என்ற ஆய்வு நிதித் திட்டம். தேசியத் தூய காற்றுத் திட்டத்தின் தமிழ்நாட்டு நகரங்கள் சென்னை, மதுரை, திருச்சி, தூத்துக்குடி. காரைக்குடி மாநகராட்சி ஆகிவிட்டாலும் அந்தப் பட்டியலில் இல்லாததால் அங்கே நேரடியாகக் கேட்க முடியாது. திருச்சி, மதுரையின் பின்னணி மாசு எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியாக மாற்றினால் வழி உண்டு. மாணவர் அளவு வேலைக்கு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றத்தின் சிறு நிதி. பண்ணை மண்ணும் மழைப் பதிவும் வேண்டுமென்றால் செட்டிநாட்டில் வேளாண் பல்கலைக்கழகத்தின் மானாவாரி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கூட்டாளியாகச் சேர்த்துக்கொள்ள அவர்களிடம் முதலிலேயே பேசுங்கள். (வள்ளல் அழகப்பர் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்து, 1948 இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1953 இல் திறக்கப்பட்ட மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கும் ஊர் இது. இன்று ஒரு மகரந்தப் பொறிக்குக்கூட உள்ளூர்க் கொடையாளரிடம் யாரும் கேட்பதாகத் தெரியவில்லை. கேட்டுப் பார்க்கலாம்.)

பட்ஜெட் எண்கள் சில. 2023 முதல் ஜேஆர்எஃப் மாதம் 37,000, எஸ்ஆர்எஃப் 42,000. இரண்டு வருடமும் ஒரு வருடமும் சேர்த்து 13,92,000, வீட்டு வாடகைப்படி தனி. ஆய்வு நிறுவனங்களுக்கு இருந்த 5 சதவீத ஜிஎஸ்டி சலுகை 2022 ஜூலையில் போய்விட்டது. பழைய கொட்டேஷனை வைத்து எழுதியவர்கள் வரிக்கே நுகர்பொருள் பணத்தைக் கரைக்க நேர்ந்தது. கொட்டேஷனில் வரி, காப்பீடு, நிறுவும் செலவு, மூன்று வருடத்து உதிரிபாகம் நான்கும் இருக்கிறதா பாருங்கள். கருவிகளின் திருத்தச் (காலிபிரேஷன்) செலவைத் தனித் தலைப்பில் கேளுங்கள், எதிர்பாராச் செலவுக்குள் ஒளித்தால் அதுதான் முதலில் வெட்டப்படும். பணம் கருவூல ஒற்றைக் கணக்கு வழியாக வந்தால் மார்ச் 31 க்குள் செலவழியாத ஒதுக்கீடு கணக்கில் நிற்காது. பயனீட்டுச் சான்று ஜிஎஃப்ஆர் 12-ஏ படிவத்தில் போகாமல் அடுத்த தவணை நகராது.

காலக்கணக்கு கடைசி. கருவி வந்து நிறுவப்பட்டு நம்பகமான அளவு வர ஒன்பது மாதமாவது பிடிக்கும். அந்த அளவு செப்டம்பருக்கு முன் தொடங்காவிட்டால் ஒரு பருவமழை முழுதும் போயிற்று. மூன்று வருடத் திட்டத்தில் ஒன்று போனால் மிஞ்சுவது இரண்டு. அதில் ஒன்றை மாடலைச் சரிசெய்யவும் இன்னொன்றைச் சோதிக்கவும் ஒதுக்க வேண்டும், இரண்டையும் ஒரே வருடத்தில் செய்தால் ஏற்கமாட்டார்கள். அதனால் ஒப்பீட்டு ஸ்லைடு, நில வரைபடம், நிலத் திட்டத்தின் முன்னோட்டம், மூட்டக் கணக்கு, கண்மாய் அனுமதி ஆகிய ஐந்தையும் நிதி வருமுன்னே தொடங்கிவிடுங்கள். இவற்றுக்கு வேண்டியது ஒரு நுண்ணோக்கி, ஒரு சுமாரான கணினி, பைக்குக்கு பெட்ரோல்.